திருமேனியில் பொன் எவ்வளவு?

ஐம்பொன் சிலை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் மனத்தில் முதலில் எழுவது பக்தியா கலையுணர்ச்சியா என்று சொல்வது கடினம். ஆனால் அடுத்தபடியாக எழுவது, அதில் பொன் எவ்வளவு இருக்கும் என்ற கேள்விதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கிணறு வெட்டுகிறவர் கடப்பாரையில் ஒரு விக்கிரகம் தட்டுப்பட்டால், ஊர் கூடுவதற்கு முன்பே யாரேனும் ஒருவர் அதன் ஓரத்தை அரத்தால் ராவிப் பார்த்துவிடுகிறார். உற்சவ மூர்த்தி தீவட்டி வெளிச்சத்தில் மஞ்சளாகச் சுடர்விட்டு வீதியுலா வரும்போது, பழைய காலத்து வார்ப்பு, பொன் கலந்தது என்று பெரியவர்கள் சிறுவர்களுக்குக் காட்டிக் கொடுக்கிறார்கள். கோயில் கதவை உடைக்கிற திருடர்களில் ஒரு சாராரும் இதையே நம்பித்தான் வருகிறார்கள்.

இந்தக் கேள்விக்கு விஞ்ஞானம் இன்று திட்டமாக விடை சொல்ல வல்லது. ஆனால், பொன்னைத் தேடி அத்திருமேனிகளுக்குள் புகுந்த ஆராய்ச்சியாளர்கள், பொன்னைவிடப் பெரிய செய்திகள் சிலவற்றை, யாரும் மதிக்காத ஈயத்திலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். அந்தக் கதையைத்தான் இந்த அத்தியாயத்தில் சொல்லப் போகிறேன்.

கல்லில் எழுதிய கணக்கு

கருவிகளிடம் போகுமுன் ஒரு பழைய சாட்சியை விசாரித்துவிடுவது முறை. தஞ்சைப் பெரிய கோயிலை 1010-ஆம் ஆண்டு நிறைவேற்றிய முதலாம் இராஜராஜன், தானும் தன் தமக்கை குந்தவையும் தேவியரும் அதிகாரிகளும் அக்கோயிலுக்குக் கொடுத்த விக்கிரகங்களையும் ஆபரணங்களையும் ஒன்றுவிடாமல் கல்லில் வெட்டச் செய்தான். கையிருப்புப் பதிவேடு எழுதுவதில் இவ்வளவு கண்டிப்புக் காட்டிய அரசர் உலக சரித்திரத்திலேயே மிகச் சிலர்தாம். பொன்னாற் செய்த உருவங்களை அக்கல்வெட்டுக்கள் கழஞ்சுக் கணக்கில் நிறுத்துச் சொல்கின்றன. செம்பாற் செய்த உருவங்களையோ முழம், விரல் என்று அளந்து சொல்கின்றன. உருவம் கனமாக வார்த்ததா, உள்ளே பொள்ளலாக வார்த்ததா என்பது கூட அங்கே உண்டு. அவற்றை அக்கணக்கர்கள் குறிப்பிடும் பெயர் செப்புப் பிரதிமம் என்பதே.

ஒரு மாலையில் கோத்த மணிகளைக்கூட எண்ணி எழுதியவர்கள், மூசையில் உருக்கி ஊற்றிய பொன்னை மட்டும் எழுதாமல் விட்டிருப்பார்களா? எண்ணிப் பார்த்தால் நம் கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடுகிறது. ஆயினும் கணக்கர் சொல்வது வேறு, உலோகம் சொல்வது வேறாக இருக்கலாம். ஆகவே உலோகத்தையும் கேட்கத்தான் வேண்டும்.

மெழுகும் மூசையும்

கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் இன்றும் நடைபெறும் தொழிலைப் பார்த்தவர்களுக்கு வார்ப்பின் வழி தெரிந்திருக்கும். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் ஸ்தபதி முதலில் உருவத்தைச் செய்கிறார். அதன்மேல் காவிரியின் நுண்ணிய வண்டலைப் பூசி, பின்னர்ப் பருமண் சாத்தி, கம்பி கட்டிக் காய விடுகிறார். சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிட, அது இருந்த இடம் வெறும் கூடாக நிற்கிறது. அக்கூட்டிலே காய்ச்சிய உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண்ணை உடைத்து எடுக்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த மானசோல்லாசம் என்ற சம்ஸ்கிருத நூலிலும் இம்முறை விரிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஒரு மண் அச்சு ஒரே ஒரு முறைதான் பயன்படும் என்பதால், இவ்வகையில் பிறந்த இரண்டு திருமேனிகள் ஒருபோதும் ஒன்றுபோல் இரா.

ஐந்து உலோகங்கள் எவை என்பதில் எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம் இல்லை. பொன், வெள்ளி, செம்பு மூன்றும் எல்லாப் பட்டியலிலும் உண்டு. மற்ற இரண்டு இடங்களுக்கு ஈயமும் வெள்ளீயமும் பித்தளையும் இரும்பும் போட்டியிடுகின்றன. இக்காலத்து மூசையில் பெரும்பங்கு செம்பும் பித்தளையும், கொஞ்சம் ஈயமும். வெள்ளியும் பொன்னும் சாஸ்திரத்துக்காகச் சேர்ப்பவை. விக்கிரகம் செய்யச் சொன்ன குடும்பத்தார் வார்ப்பு நாளன்று பக்தியோடு ஒரு பவுனைக் கொண்டுவந்து மூசையில் இடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உருவத்தின் எடை 50 கிலோ. பவுன் என்பது 8 கிராம். ஆகவே அவ்விக்கிரகத்தில் 6,250 பங்கில் ஒரு பங்குதான் பொன். அதாவது நூற்றுக்கு 0.016. அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய தியாகம். உலோகத்தின் நிறத்தையோ உறுதியையோ அது எள்ளளவும் மாற்றாது.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. பூமியிலிருந்து வெட்டியெடுக்கும் செப்புத் தாதுவிலேயே வெள்ளியும் பொன்னும் இம்மி இம்மியாகக் கலந்திருப்பது வழக்கம். பழங்காலத்து உலையில் அவற்றைப் பிரித்தெடுக்காமலே செம்பை வார்த்தார்கள். எனவே சோதனையில் இம்மிப் பொன் தென்பட்டால், அது பக்தர் இட்டதா, மலை இட்டதா என்று தீர்ப்புச் சொல்ல வழியில்லை.

தோலைப் பார்ப்பதும் உள்ளே பார்ப்பதும்

உலோகத்தை விசாரிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எக்ஸ் கதிரைச் சிலையின்மேல் பாய்ச்சுவது. கதிர் பட்டவுடன் உலோகத்தின் அணுக்கள் தாமும் ஒருவகைக் கதிரை உமிழும்; செம்பு உமிழும் கதிர் வேறு, ஈயம் உமிழும் கதிர் வேறு. உமிழ்ந்த கதிர்களைத் தரம் பிரித்தால் எந்தெந்த உலோகம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். சிலைக்குக் கீறல்கூட விழாது. கையில் பிடிக்கும் கருவியே போதும். குறை என்னவென்றால், இது தோலை மட்டுமே பார்க்கும். நூற்றாண்டுக் கணக்கில் பால், தயிர், சந்தனம் என்று அபிஷேகம் கண்டு, புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மேனி மாறிப்போன ஒரு மூர்த்தியின் தோல் சொல்லும் கணக்கை அப்படியே நம்புவதற்கில்லை. மேலே பொன்முலாம் பூசியிருந்தாலோ விடை முற்றிலும் தவறாகிவிடும்.

மற்றொரு வழி, பீடத்தின் அடிப்புறம்போலக் கண்ணுக்குப் படாத ஓரிடத்தில் மிக நுண்ணிய துளையிட்டு, ஒரு சிட்டிகைக்கும் குறைந்த தூளை எடுப்பது. மேற்பரப்புத் தூளை ஒதுக்கிவிட்டு உள்ளே இருந்து வருவதை மட்டும் அமிலத்தில் கரைத்து, பல ஆயிரம் டிகிரி வெப்பமுள்ள வாயுச் சுடரில் தெளித்து, அது வீசும் ஒளியை நிறம் பிரித்துப் பார்த்தால், பத்து இலட்சத்தில் சில பங்கு இருக்கும் பொருளைக்கூடக் கண்டுகொள்ளலாம். வழிபாட்டில் இருக்கும் மூர்த்திக்குத் துளையிட யாரும் சம்மதியார், அது நியாயமும்கூட. ஆகவே இவ்வாராய்ச்சிகள் பெரும்பாலும் அருங்காட்சியகத் திருமேனிகளிலேயே நடந்தன.

சிற்பிகள் கலந்த கலவை

சென்னை அரசு அருங்காட்சியகத்திலும், லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஆகியவற்றிலும் இருக்கும் தென்னிந்தியத் திருமேனிகள் சுமார் 130-ஐ, 1990-களில் சாரதா சீனிவாசன் என்ற உலோகத் தொல்லியல் அறிஞர் இவ்வாறு ஆராய்ந்தார். நம் கேள்விக்கு விடை அங்கே கிடைத்தது: பொன்னும் வெள்ளியும் பொருட்படுத்தத்தக்க அளவில் இல்லை. பெரும்பாலான திருமேனிகள் செம்போடு வெள்ளீயமும் ஈயமும் கலந்த கலவை. இராஜராஜனுடைய கணக்கர்கள் பொய் சொல்லவில்லை.

ஏமாற்றமடைந்தவர்கள் இங்கே புத்தகத்தை மூடிவிடலாம். மற்றவர்கள் அக்கலவையின் நேர்த்தியைச் சற்றே கவனிக்க வேண்டும். தனிச் செம்பு 1,085 டிகிரியில்தான் உருகும். உருகினாலும் களிபோல் தயங்கித் தயங்கி ஓடும். ஆறும்போது காற்றைக் கக்கிக் குமிழ்விடும். வெள்ளீயம் சேர்ந்தால் உருகும் சூடு குறைகிறது, உறுதி கூடுகிறது. ஆனால் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் அது போனால் உலோகத்துக்குள்ளே கண்ணாடிபோல் நொறுங்கும் கடினமான பகுதி உண்டாகிவிடும். மணிக்கும் தாளத்துக்கும் அந்தக் கடினம் வேண்டும், ஏனெனில் ஒலி அதிலேதான் இருக்கிறது. விரல் நுனியையும் சடை இழையையும் உளியால் திருத்த வேண்டிய திருமேனிக்கு அது ஆகாது. வெள்ளீயம் மிகுந்த வெண்கலத்தில் கிண்ணம் செய்யும் வித்தை ஆதிச்சநல்லூர்க் காலத்திலிருந்தே தென்னாட்டாருக்குத் தெரிந்திருந்தும், திருமேனிகளில் வெள்ளீயத்தை அந்த எல்லைக்குள்ளேயே நிறுத்திக்கொண்டார்கள் என்றால், அது தற்செயல் என்று நான் நம்பமாட்டேன்.

ஈயத்தின் விஷயம் இன்னும் ருசியானது. செம்பில் ஈயம் கரையாது. உருகிய நிலையில் உடன் ஓடிவிட்டு, ஆறும்போது பிரிந்து, நுண்ணிய உருண்டைகளாக ஆங்காங்கே ஒதுங்கி நிற்கும். அச்சின் மூலை முடுக்குகளில் எல்லாம் உலோகம் புகுவதற்கும், பின்னர் உளி இலகுவாக ஓடுவதற்கும் அவ்வுருண்டைகளே உதவுகின்றன. கனமான பொருளாதலால் அது அடிப்பக்கம் நோக்கி இறங்கவும் செய்யும்; ஒரே சிலையில் இரண்டு இடங்களில் எடுத்த தூள்கள் ஈயத்தின் அளவில் ஒத்துப்போகாமல் இருப்பதற்கு இதுவே காரணம். கலவை விகிதத்தை மட்டும் வைத்து இது இன்ன காலத்து விக்கிரகம் என்று சொல்ல முற்படுவோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

உலோகத்துக்கு வயது உண்டா?

தென்னாட்டுத் திருமேனிகளில் ஆண்டு பொறித்தவை மிக மிக அரிது. தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு ரிஷபவாகன மூர்த்திக்கு, அவ்வூர்க் கோயில் கல்வெட்டினால் 1011 என்ற ஆண்டு தெரிகிறது. இத்தகைய பாக்கியம் எல்லா மூர்த்திகளுக்கும் கிடைக்கவில்லை. மற்றவற்றுக்கு முகத்தின் நீளம், பூணூலின் ஓட்டம், சிரசின் பின்னே இருக்கும் சக்கரத்தின் அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு கலை வரலாற்றறிஞர்கள் காலம் குறிக்கிறார்கள். கண் பழகியவர்கள் சொல்வதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் இரண்டு கண் பழகியவர்கள் ஒரே சிலையை நூறு ஆண்டு இடைவெளியில் வைத்தால் யார் பக்கம் சேர்வது?

உயிரோடிருந்த பொருளுக்குத்தான் கரிமக் கணக்கால் வயது காணலாம். செம்புக்கு அவ்வழி அடைப்பு. வேற்று நாடுகள் பலவற்றில் உட்குடைவாக வார்த்த சிலைகளின் வயிற்றில் பழைய களிமண் தங்கியிருக்கும். அம்மண் கடைசியாகச் சுடப்பட்டது எப்போது என்று கண்டு வார்ப்பின் காலத்தைச் சொல்லிவிடலாம். நம் ஸ்தபதிகளோ பெரும்பாலும் கனமாகவே வார்த்தார்கள். வயிறு நிறைய உலோகம், மண்ணுக்கு இடமில்லை. அவர்களுடைய தாராளமே ஆராய்ச்சியாளனுக்கு முட்டுக்கட்டை ஆயிற்று.

ஈயத்தின் நான்கு எடைகள்

இவ்விடத்தில்தான் ஈயம் கை கொடுக்கிறது. ஈய அணுக்கள் எல்லாம் ஒரே எடையுள்ளவை அல்ல. 204, 206, 207, 208 என்று நான்கு வகை எடைகள் உண்டு. குணத்தில் ஒன்றாயும் எடையில் வேறாயும் இருக்கும் இத்தகைய அணுவகைகளை ஓரிடத்தான்கள் என்பர். சாதாரண ஈயத்தில் ஆயிரம் அணுக்களை எடுத்தால், சுமார் 14 அணுக்கள் 204 எடையுள்ளவை, 241 அணுக்கள் 206, 221 அணுக்கள் 207, மீதி 524-ம் 208.

இவற்றுள் முதலாவது வகை பூமி தோன்றியபோது இருந்தபடியே இருக்கிறது. மற்ற மூன்றும் வளர்ந்துகொண்டே வருபவை. யுரேனியத்தில் ஒருவகை, சுமார் 447 கோடி ஆண்டில் பாதி அழிந்து 206 ஆகிறது. மற்றொரு வகை யுரேனியம் 70 கோடி ஆண்டில் பாதி அழிந்து 207 ஆகிறது. தோரியம் 1,400 கோடி ஆண்டில் பாதி அழிந்து 208 ஆகிறது. ஒரு மலையின் பாறையில் யுரேனியமும் தோரியமும் எவ்வளவு இருந்தன, அப்பாறையிலிருந்து ஈயம் பிரிந்து தாதுவாக ஒதுங்கியது எப்போது என்ற இரண்டையும் பொறுத்து, அத்தாதுவின் நால்வகை அணுக்களுக்கும் ஒரு விகிதம் அமைகிறது. தாதுவாக ஒதுங்கிய கணமே, யுரேனியத்தின் தொடர்பு அறுவதால், அவ்விகிதம் உறைந்துபோகிறது. ஆரவல்லி மலை ஈயத்தின் விகிதம் வேறு, ஆந்திரத்து ஈயத்தின் விகிதம் வேறு.

பாலைக் காய்ச்சினாலும் உறையூற்றினாலும் கடைந்தாலும் அது எந்தத் தொழுவத்துப் பால் என்பது மாறாததுபோல, தாதுவைச் சுட்டு, உருக்கி, செம்போடு கலந்து, திருமேனியாக வார்த்து, ஆயிரம் ஆண்டு மண்ணில் புதைத்தாலும் அந்த விகிதம் மாறுவதில்லை. அதை அளக்கும் கருவி, அணுக்களுக்கு மின்னூட்டி, காந்தப் புலத்தின் நடுவே ஓடவிடும். இலேசான அணு அதிகம் வளையும், கனமான அணு குறைவாக வளையும். வெவ்வேறு இடத்தில் வந்து விழுகிறவற்றை எண்ணிவிடலாம். கண்ணாடி ஆராய்ச்சியில் புகழ் பெற்ற அமெரிக்கரான ராபர்ட் பிரில் 1960-களில் இம்முறையைப் பழம்பொருள்களுக்குப் பயன்படுத்தி வழிகாட்டினார்.

இரண்டு நடராஜ மூர்த்திகள்

சாரதா சீனிவாசன் தாம் எடுத்த திருமேனிகளில் சுமார் 60-க்கு இந்த ஈயக் கணக்கையும் பார்த்தார். அவர் சென்ற வழி தெளிவானது. கல்வெட்டினாலோ ஐயத்துக்கிடமற்ற கலைப்பாணியினாலோ காலம் தெரிந்த திருமேனிகளை முதலில் எடுத்துக்கொண்டார். அவற்றின் ஈய விகிதங்களையும், உலோகத்தில் இம்மியாகக் கலந்திருக்கும் மற்றத் தனிமங்களையும் சேர்த்துப் பார்த்தபோது, பல்லவர் காலத்தவை ஒரு பக்கமும், முற்சோழர் காலத்தவை ஒரு பக்கமும், பிற்சோழர், பாண்டியர், விஜயநகர, நாயக்கர் காலத்தவை வேறு வேறு பக்கங்களிலும் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து நின்றன. அரசு மாறியபோது வணிகப் பாதை மாறியது. பாதை மாறியபோது சுரங்கம் மாறியது. சுரங்கம் மாறியதை ஈயம் பதிந்து வைத்துக்கொண்டது.

கூட்டங்கள் தெளிவான பிறகே காலம் தெரியாதவற்றை அவர் உள்ளே விட்டார். இடது காலைத் தூக்கி ஆனந்த தாண்டவம் ஆடும் நடராஜர் வடிவம், உலோகத்தில் பத்தாம் நூற்றாண்டில்தான், சோழ அரசி செம்பியன் மாதேவி கோயில்களைக் கற்றளியாக்கிய காலத்தை ஒட்டித்தான் தோன்றியது என்பது அறிஞர் பலருடைய கொள்கை. சென்னை அருங்காட்சியகத்தின் ஒரு நடராஜரும், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஒரு நடராஜரும் ஈய விகிதத்தாலும் இம்மித் தனிமங்களாலும் சோழர் கூட்டத்தோடு சேராமல் பல்லவர் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தன. அப்படியானால் அவ்வடிவம் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே உலோகத்தில் வார்க்கப்பட்டிருக்க வேண்டும் என்று 2004-இல் அவர் எழுதினார்.

இதை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை; ஆட்சேபத்துக்கு இடமும் உண்டு. ஈயம் சொல்வது உலோகத்தின் பிறப்பிடத்தை. வார்த்த நாளை அது நேராகச் சொல்வதில்லை. பல்லவர் காலத்துப் பழைய பாத்திரங்களைச் சோழர் காலத்தில் உருக்கி வார்த்திருந்தால் என்ன செய்வது? இரண்டு தொழுவத்துப் பாலைக் கலந்துவிட்டால் இரண்டுக்கும் சேராத மூன்றாவது விகிதமல்லவா வரும்? இவை நியாயமான கேள்விகள். ஆனால் பழைய உலோகத்தை உருக்குவது எப்போதும் எல்லோரும் செய்த வழக்கமாக இருந்திருந்தால், அத்தனை திருமேனிகளும் கலந்து குழம்பி ஒரே கூட்டமாகியிருக்க வேண்டும். தெளிவான கூட்டங்களே அமைந்திருக்க மாட்டா. அவை அமைந்திருக்கின்றன என்பது பெரிய பிரமாணம். கண் பழகியவரின் தீர்ப்பையும் ஈயத்தின் தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் முரண்படும் இடத்தில் நின்று யோசிப்பதே அறிவுடைமை என்பது என் அபிப்பிராயம்.

செம்பு வந்த வழி

ஆயிரக்கணக்கான திருமேனிகளை வார்த்த காவிரிக் கரையில் செப்புச் சுரங்கம் ஒன்றுகூட இல்லை. வெள்ளீயமோ இந்தியாவிலேயே மிக அரிது. மலேயாப் பகுதியில் அது மிகுதியாகக் கிடைக்கும். ஜாவாக் கடலில் மூழ்கிக் கிடந்த பத்தாம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்றிலிருந்து வெள்ளீயக் கட்டிகளை எடுத்திருக்கிறார்கள். ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் சுமத்ராவின் பாரூஸ் கரையில் 1088-இல் தமிழிலேயே கல்வெட்டு நாட்டினார்கள். செம்பு ஈழத்தின் சேருவிலையிலிருந்து வந்திருக்கலாம் என்று வித்யா தெஹேஜியா என்ற கலை வரலாற்றறிஞர் கருதுகிறார். கருநாடகத்திலும் ஆந்திரத்திலும் பழைய செப்புச் சுரங்கங்கள் உண்டு என்பதையும் மறப்பதற்கில்லை. ஆக, நாம் உள்ளூர்த் தெய்வம் என்று வணங்கும் மூர்த்தியின் மேனியில் கடல் கடந்த மண்ணும் கலந்திருக்கலாம்.

போலியும் மெய்யும்

இந்த வித்தை நீதிமன்றத்துக்கும் பயன்படுகிறது. இக்காலச் செம்பு மின்சாரத்தால் சுத்திகரிக்கப்பட்டது. பழஞ்செம்பில் இருக்க வேண்டிய இம்மித் தனிமங்கள் அதில் இரா. அமிலம் பூசி உண்டாக்கும் பச்சைக் களிம்பு மேலோடு நிற்கும். நூற்றாண்டுகளாக மண்ணில் கிடந்த சிலையிலோ களிம்பு உலோகத்தின் உட்பரல்களின் இடுக்குகளுக்குள் வேர்விட்டிருக்கும். 1976-இல் தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் மண்ணுக்கடியில் கிடைத்துக் கடல் கடந்துபோன நடராஜ மூர்த்தியின் வழக்கு லண்டனில் நடந்தபோது, சிலையில் ஒட்டிய மண்ணையும் அதன் உலோகத்தையும் ஆராய்ந்தவர்களும் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். 1991-இல் மூர்த்தி தாயகம் திரும்பினார்.

கல்பாக்கத்து அணு ஆராய்ச்சி மையத்தார் சென்னை அருங்காட்சியகத்துடன் சேர்ந்து, காமாக் கதிரால் திருமேனிகளின் உள்ளே படம் பிடித்து, ஒவ்வொன்றிலும் உள்ள குமிழ்களின் அமைப்பை மனிதரின் கைரேகைபோல அடையாளமாகப் பதிந்து வைக்கவும் முனைந்தார்கள். துளையும் வேண்டாம், கீறலும் வேண்டாம். களவு போனால் அடையாளம் காட்ட இதைவிடச் சிறந்த சான்று கிடையாது. கிராமக் கோயில்கள்வரை இது எட்ட வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வயலிலோ மனையிலோ ஒரு திருமேனி தென்பட்டால் அரத்தைத் தேடாதீர்கள், புளியைக் கரைக்காதீர்கள், அதில் ஒட்டியிருக்கும் மண்ணைத் தட்டிவிடவும் வேண்டாம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொன்னால் செய்தி அங்கே போய்ச் சேரும். பொன் அதில் இல்லை என்பது உங்களுக்கு இப்போது தெரியும். அதில் இருக்கும் சரித்திரத்தை ராவி எடுத்துவிட்டால் திரும்ப வார்க்க எந்த ஸ்தபதியாலும் முடியாது.